பாடகியின் பெயர் மாரியம்மன்

மாரியம்மனிடம் சம்மதம் வாங்கி வா என்று சொல்லித்தான் என் மேலாளர் என்னை அனுப்பினார். அவர் சீனர். எங்கள் நிறுவனத்தில் பதிவு செய்திருக்கும் நூற்றுக்கணக்கான பாடகர்களில் மாரியம்மனும் ஒருவர் என்றே நினைத்திருந்தார். "மதுரைக்குக் கல்யாணத்துக்குத்தானே போகிறாய், அப்படியே அந்த அம்மாவையும் பார்த்துப் பேசிவிட்டு வந்துவிடு" என்றார். அந்த அம்மாவைப் பார்க்கத் தேங்காய் பழத்தோடு போகவேண்டும் என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் தேவைப்பட்டது.

நான் மலேசியாவில், கிள்ளானில் இருக்கிறேன். பாடுகிறவர்கள் தங்கள் பாட்டை எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் அதை உலகத்தில் உள்ள இணையப் பாட்டுத் தளங்களுக்கெல்லாம் சேர்ப்போம். ஒரு காலத்தில் கேசட் கம்பெனியும் லாரியும் கடையும் சேர்ந்து செய்த வேலையை இப்போது குளிர்ச்சாதன அறையில் நாலு பேர் உட்கார்ந்து செய்கிறோம். கூடவே ஒரு காவல் வேலையும் உண்டு. பதிவான பாட்டின் ஒலியைக் கணினி கைரேகை மாதிரி எடுத்து வைத்துக்கொள்ளும். அதே ஒலியை வேறு யாராவது போட்டால், திருட்டு என்று தானே புகார் எழுதிவிடும்.

கூமாப்பட்டிப் பக்கத்தில் ஒரு சிற்றூர். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், எழுதவில்லை. அந்த ஊர் விழாக் கமிட்டி தங்கள் கோயில் பொங்கல் பாட்டை எங்களிடம் பதிவு செய்தது. பாடியவர் என்ற இடத்தில் மாரியம்மன் என்று போட்டார்கள். உரிமையாளர் என்ற இடத்திலும் மாரியம்மன். எங்கள் ஊரில் தெருவுக்கு இரண்டு மாரியம்மா இருப்பார்கள். அலுவலகத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

பிறகு கணினி ஒரு திருடியைப் பிடித்தது. மம்சாபுரம் முத்துலட்சுமி. அவள் தன் சேனலில் போட்டிருந்த மூன்று பாட்டுகள் மாரியம்மனின் பாட்டைத் திருடியவை என்று மூன்று புகார். மூன்றாவது புகார் உறுதியானால் சேனலையே நீக்கிவிடுவார்கள். அதற்கு வெள்ளிக்கிழமை வரை கெடு. அவள் எங்களுக்கு அனுப்பிய குரல் செய்தியை நான் பல தடவை கேட்டேன்.

"அக்கா, அது என் தொண்டக்கா. என் தொண்டைய நானே எப்படிக்கா களவாங்குவேன்?"

பதிவு செய்தவர்கள் மனம் வைத்தால்தான் புகாரைத் திரும்பப் பெற முடியும். கமிட்டிக்குப் போன் செய்தேன். "ஆத்தா காரியத்தப் போன்ல பேசப்படாது. நேர்ல வாங்க" என்று வைத்துவிட்டார்கள். அதனால்தான் இந்தப் பயணம்.

கல்யாணம் முடிந்த மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து லாட்ஜில் அறை எடுத்தேன். மாசி மாதத்திலேயே இந்த வெயில் என்றால் சித்திரையில் இவர்கள் எங்கே போய் ஒளிவார்கள் என்று தெரியவில்லை. எங்கள் ஊரிலும் வெயில்தான், ஆனால் சாயங்காலம் மழை வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகும். இங்கே அந்தப் பழக்கம் கிடையாது.

பால்கோவா வாங்கினேன். கிள்ளானில் அந்தப் பெயரில் விற்பது பால்மாவும் சீனியும் சேர்ந்த ஒரு கட்டி. இங்கே சூடு ஆறாமல் இலையில் வைத்துத் தந்ததை நின்றபடியே தின்று முடித்து, இரண்டாவது தடவை கேட்டேன். கடைக்காரர் என் நெற்றியில் சர்க்கரை வியாதி என்று எழுதியிருப்பதைப் படித்தவர் போல, "இன்னும் கொஞ்சமாப் போடவா?" என்று கேட்டு, கொஞ்சமாகத்தான் போட்டார். எனக்குக் கோபம் வந்தது.

மறுநாள் காலை டீக்கடையில் போனை ஒரு சின்னப் பெட்டியோடு இணைத்து பக்திப் பாட்டு போட்டிருந்தார்கள். பல்லவி முடிந்து சரணம் தொடங்கும் இடத்தில் பாட்டு நின்று, அவசரமாகக் கடன் வேண்டுமா என்று ஒரு பெண் கேட்டாள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை.

"சாமிகிட்ட நாம கேக்க வேண்டியத அவ நம்மகிட்ட கேக்குதா" என்றார்.

"விளம்பரம் வராமல் இருக்கக் கட்டணம் கட்டலாமே" என்றேன். எங்கள் தொழிலின் சார்பாக நான் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"கட்டலாம். அப்பறம் டீ வெலைய ஏத்துனா யாரு குடுப்பா?"

பாட்டை ஒலிப்பதிவு செய்தவரைப் பார்க்க முதலில் ராஜபாளையம் போகவேண்டும். நிறுத்தத்தில் ஒரு மஞ்சள் பேருந்து வந்து நின்றது, இளைஞர்கள் ஏறினார்கள், நானும் ஏறினேன். உட்கார்ந்த பிறகுதான் அது ராஜபாளையத்துக்கு எதிர்த்திசையில் போகிறது என்பதும், நடத்துநர் என்று யாரும் இல்லை என்பதும், எல்லாருடைய கழுத்திலும் அடையாள அட்டை தொங்குகிறது என்பதும் உறைத்தது. கல்லூரிப் பேருந்து. "மேடம் எந்த டிபார்ட்மென்ட்?" என்று ஒரு பெண் மரியாதையாகக் கேட்டாள். மாரியம்மன் டிபார்ட்மென்ட் என்று சொல்ல வாய் வரை வந்தது. தப்பாக ஏறிவிட்டேன் என்றேன். "கிருஷ்ணன்கோவில்ல எறங்கி எதிர்ப்பக்கம் நில்லுங்க, அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு வரும்" என்றாள்.

போகும் வழியில் முன் இருக்கைப் பையன்கள் இருவர் ஒரே போனில் பாட்டு கேட்டுக்கொண்டு வந்தார்கள். கேட்டார்கள் என்பதைவிடத் தள்ளினார்கள் என்பதே சரி. ஒன்று தொடங்கும், விரல் தள்ளும், அடுத்தது தொடங்கும்.

"ஏலே, முழுசாத்தான் ஒண்ணக் கேளேன்" என்றான் ஒருவன்.

"ஆரம்பத்துல இழுத்தான்னா எனக்குப் பொறுமை இல்ல மாப்ள."

இந்தப் பொறுமையின்மையை நம்பித்தான் எங்கள் அலுவலகத்தில் எல்லாரிடமும் முன்னிசையைச் சுருக்குங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பையனை நான் முதல்முறையாக நேரில் பார்க்கிறேன். ஒல்லியாக இருந்தான்.

ஒருவழியாக ராஜபாளையம் போய்ச் சேர்ந்தபோது பசியில் உயிர் போயிற்று. பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு அதன்மேல் சால்னாவைக் குளம் கட்டினார்கள். எங்கள் ரொட்டி சானாய்க்கு இது ஒன்றுவிட்ட அண்ணன்; முரடன், ஆனால் நல்லவன். பக்கத்து மேசையில் இரண்டு பெரியவர்கள் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். கிள்ளானில் என் எதிர்வீட்டுக்காரர்கள் தெலுங்கர்கள், அதனால் எனக்குப் பாதிக்கு மேல் புரியும். "என் பேரன் பாட்டுக் கேட்க மாதச் சந்தா கட்டுகிறான். நமக்கெல்லாம் மைக் செட்டுக்காரன் சும்மாவே போட்டான்" என்றார் ஒருவர். "சும்மா போட்டான், சரி. நிறுத்தச் சொன்னால் நிறுத்தினானா?" என்றார் மற்றவர்.

அப்படிப்பட்ட ஒரு மைக் செட்டுக்காரரைப் பார்க்கத்தான் நான் போய்க்கொண்டிருந்தேன். சம்சு பாய், ஐம்பது வயது இருக்கும். சுற்றுவட்டாரத்துக் கோயில் விழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவர். கடைக்குப் பின்னால் ஒலிப்பதிவு அறை வைத்திருக்கிறார். சுவர் முழுக்க மில் கழிவுப் பஞ்சு அடைத்த சாக்குகள். உள்ளே போனதும் வெளியே ஓடும் லாரிகள் எல்லாம் நின்றுபோன மாதிரி ஆயிற்று. அந்த அம்மன் பாட்டு பதிவானது அங்கேதான்.

"தப்பு யாரு மேலயும் இல்லக்கா. எங்க தொழில் முறை அப்படி" என்றார் பாய்.

முறை இதுதான். உறுமியும் பம்பையும் ஒரே தடவை பதிவு செய்துகொள்வார்கள். முத்துலட்சுமி முழுப்பாட்டையும் ஒரே தடவை பாடிவிடுவாள். அதன்பின் எந்த ஊர் கேட்டாலும் ஊர் பெயரும் அம்மன் பெயரும் எல்லைச் சாமி பெயரும் வரும் அடிகளை மட்டும் அவள் மறுபடி பாட, பாய் அவற்றை ஒட்டிக் கொடுப்பார். பென் டிரைவில் வாங்கிக்கொண்டு போய் அந்த ஊர் பொங்கலுக்குப் போடும். ஒவ்வொரு ஊரும் அது தனக்கென்றே கட்டிய பாட்டு என்று நினைத்துக்கொள்ளும். அடுத்த ஊர் பொங்கலும் அதே நாளில் நடப்பதால் ஒருவர் பாட்டை மற்றவர் கேட்க வழியில்லை. முத்துலட்சுமி சேனலில் போட்டிருந்த மூன்றும் இப்படி வேறு ஊர்களுக்கு ஒட்டியவை.

"இப்ப போன் வந்து எல்லா ஊரையும் ஒரே தெருவுல கொண்டாந்து ஒக்கார வச்சிருச்சு. மனுசன் கண்டுபிடிக்கல, மெஷின் கண்டுபிடிச்சிருச்சு" என்றார்.

சற்று நேரத்தில் முத்துலட்சுமி வந்தாள். நாற்பதை நெருங்கும் வயது, ஒல்லி, பேச்சில் அவசரம். பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை பார்த்தவள். சேனல் தொடங்கியபின் கமிட்டிக்காரர்கள் அதைப் பார்த்துத் தை முதல் பங்குனி வரை விழாக்களுக்குக் கூப்பிட ஆரம்பித்ததால், போன வருஷம் தறியை விட்டிருக்கிறாள். இப்போது சேனலைத் திறந்தால் பாட்டு இருந்த இடத்தில் உரிமை மீறல் என்ற அறிவிப்பு நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு இரண்டு ஊர்க்காரர்கள் வேறு பாடகியைப் பேசிவிட்டார்கள்.

"தறிக்குத் திரும்பப் போறது கேவலம் இல்லக்கா. தறி எனக்குச் சோறு போட்டுச்சு. ஆனா களவாணின்னு பேரெடுத்துட்டுப் போகமாட்டேன்" என்றாள்.

பாய் என்ன நினைத்தாரோ, கணினியில் ஒன்றைக் காட்டுகிறேன் என்றார். ஒரு ஊர் பெயரைத் தட்டினார். பாட்டு ஓடியது. முத்துலட்சுமியின் குரல் அந்த ஊர் பெயரை இழுத்துப் பாடிற்று. அந்த ஊருக்கு அவள் பாடியதே இல்லை. பழைய பதிவுகளைக் கொடுத்தால் குரலைப் பழகிக்கொண்டு தானே பாடிவிடும் மென்பொருள் அது. எங்கள் அலுவலகத்தில் இதைப் பற்றிக் கூட்டத்துக்குமேல் கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறோம். யாருடைய குரலோ அவரையே பக்கத்தில் உட்காரவைத்து நான் கேட்டது அன்றுதான்.

முத்துலட்சுமி முழுவதும் கேட்டாள்.

"நாந்தான் பாடுதேன். மூச்சுதான் வாங்கல" என்றாள். பிறகு, "இத யாரு பேருல பதியும் பாய்?" என்று கேட்டாள்.

"நான் இத வித்ததில்லத்தா. சும்மா போட்டுப் பாத்தேன்."

"வித்தாலும் எனக்குத் தெரியவா போவுது?"

பாய்க்கு முகம் சுருங்கிவிட்டது. அந்தக் கோப்பை அவள் முன்னாலேயே அழித்தார். அழித்தால் போதுமா என்று மூன்று பேருக்குமே தெரியவில்லை. நாளைக்குக் கமிட்டியைப் பார்க்கத் தானே வண்டியில் கூட்டிப் போவதாகச் சொன்னார்.

வண்டி என்பது ஒலிபெருக்கிப் பெட்டிகள் ஏற்றும் மினி லாரி. மறுநாள் முன் இருக்கையில் நாங்கள் மூவரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். வத்திராயிருப்புக்கு முன்னால் டயர் பஞ்சர். மாற்று டயர் இருந்தது, ஜாக்கியைக் கோயில் பந்தலில் விட்டுவிட்டு வந்திருந்தார் பாய். தென்னந்தோப்பிலிருந்து ஆட்கள் வந்து, ஜாக்கி இல்லாமலே வண்டியைத் தூக்கிப் பிடித்தார்கள். வேலை முடிந்ததும் ஆளுக்கொரு இளநீர் வேறு. கிள்ளானில் இழுவை வண்டிக்குப் போன் செய்து காத்திருந்திருப்போம். இங்கே மலை பக்கத்திலேயே வந்து நின்றது, காற்று கொஞ்சம் குளிர்ந்தது, நான் கொஞ்சம் நல்ல மனுஷியானேன்.

அம்மன் கோயில் மண்டபத்தில் கமிட்டிக்காரர்கள் காத்திருந்தார்கள். தலைவரை எல்லாரும் பட்டாளத்தார் என்றார்கள். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று, தென்னையும் நெல்லும் போட்டிருக்கிறவர். முதுகு இன்னும் வளையவில்லை. எங்களுக்குக் கலர் சோடா வந்தது. அம்மன் பெயரை ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன்.

"பாடுனவுக பேரு, ஓனர் பேருன்னு கேட்டுச்சு. யாரு பேரப் போட? என் பேரப் போட்டா மேலத்தெருக்காரன் சண்டைக்கு வருவான். அவன் பேரப் போட்டா கீழத்தெரு கோயில் வரி குடுக்காது. ஆத்தா பேரப் போட்டா எவன் கேப்பான்?"

எங்கள் நிறுவனத்தில் உரிமைத் தகராறுக்கு வக்கீல் வைத்திருக்கிறோம், இவர்கள் அம்மனை வைத்திருக்கிறார்கள். பாட்டை எடுக்க வேண்டாம், பாடியவர் பெயரை மட்டும் மாற்றி, புகாரைத் திரும்பப் பெற்றால் போதும், வெள்ளிக்கிழமைக்குள் செய்யாவிட்டால் இந்தப் பெண்ணின் எல்லாப் பாட்டும் போய்விடும் என்று சொன்னேன்.

"புரியுதும்மா. ஆனா எழுதுன ஆத்தா பேர நாங்க எப்படி அழிக்க? நாளைக்கு ஊருக்குள்ள ஒரு மாடு செத்தாலும் எங்க தலையில விழும்" என்றார். அவர் சாக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே பயந்தார். பக்கத்தில் இருந்தவர்களோடு தாழ்ந்த குரலில் பேசிவிட்டு, "ஆத்தாகிட்டயே பூக்கட்டிக் கேட்டுருவோம். அவ சரின்னா மாத்திருவோம். இல்லேன்னா எங்கள வற்புறுத்தப்படாது" என்றார்.

இந்த ஊர்ப்பக்கம் அது வழக்கம். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்து நூல் சுற்றி அம்மன் முன்னால் போடுவார்கள். கேள்வியைச் சொல்லிக் கேட்டபின் ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. வந்தது வந்ததுதான், மறுபடி கேட்கக் கூடாது.

பூசாரி பொட்டலம் கட்டினார். ஒரு சிறுமியைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். ஒருத்தியின் பிழைப்பு பூவா தலையா என்று ஆகிவிட்டதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. எங்கள் கணினி மட்டும் என்ன பெரிய நியாயம் விசாரித்துவிட்டது என்றும் தோன்றியது. சம்சு பாய் மண்டபத்துக்கு வெளியே செருப்பருகில் நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

பட்டாளத்தார் உரக்கக் கேட்டார். "ஆத்தா, ஒம் பாட்ட இந்தப் புள்ளைக்குக் குடுக்கலாமா?"

சிறுமி குனிந்தாள்.

"செத்த நில்லுங்க" என்றாள் முத்துலட்சுமி. அதுவரை தூணோரம் பேசாமல் நின்றவள் முன்னால் வந்தாள். "குடுக்கலாமான்னு கேக்காதிய. நான் எதையும் வாங்க வரல. அது யாரு தொண்டைன்னு கேளுங்க."

"என்னத்தா சொல்லுத?"

"வெள்ளை வந்தா என் தொண்டை. செவப்பு வந்தா ஆத்தா தொண்டை. செவப்பு வந்துச்சுன்னா இனிமே எந்த ஊர்லயும் நான் வாயத் தொறக்கல. சேனலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். தறிக்குப் போயிருதேன். கேளுங்க."

சும்மா இரு என்று அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கமிட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பூசாரி பட்டாளத்தாரைப் பார்த்தார். சிறுமி எடுக்கவா வேண்டாமா என்று தெரியாமல் குனிந்தபடியே இருந்தாள்.

பட்டாளத்தார் வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். அந்தக் கேள்வியை அவரால் கேட்க முடியவில்லை. குனிந்து சிறுமியின் கையைப் பிடித்து நிமிர்த்தினார்.

"போன பொங்கலுக்கு மழை பேஞ்சு கரண்டு போச்சுல்ல" என்றார், யாரையும் பார்க்காமல். "முளைப்பாரி கரைக்கிற வரைக்கும் வெறுந்தொண்டையில இந்தப் புள்ளதான நனைஞ்சுக்கிட்டே பாடுச்சு. ஊரே பின்னால போனோம்லா."

சிறுமியை ஓரமாக அனுப்பிவிட்டுக் கமிட்டிக்காரர்களைப் பார்த்தார்.

"தெரிஞ்சதுக்கு எதுக்குலே பூவு? பிரிச்சு ஆத்தா காலடியில போட்டுருங்க சாமி" என்றார்.

பூசாரி நூலைப் பிரித்தார். வெள்ளையும் சிவப்பும் ஒன்றாக அம்மன் காலடியில் விழுந்தன. நான் போனில் எங்கள் நிறுவனப் பக்கத்தைத் திறந்து அவரிடம் காட்டினேன். ஆத்தா பெயர் ஒரேயடியாகப் போய்விடக் கூடாது என்றார். அது பாட்டின் தலைப்பிலும் உரிமையாளர் இடத்திலும் இருக்கட்டும் என்றேன், சரி என்றார். பாடியவர் என்ற இடத்தை நான் அழித்துக் காலியாக்கியதும் முத்துலட்சுமியிடம் திரும்பினார்.

"ஒம் பேரு என்னத்தா? இம்புட்டு நாளாப் பாட்டுக்காரின்னே கூப்புட்டுட்டோம்."

அவள் சொன்னாள். எனக்கே கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லுத்தா. இங்க பாதிப் பேருக்குக் காது கேக்காது."

"முத்து" என்று தொடங்கினாள். இத்தனை ஊர்களுக்குக் கேட்கும்படி பாடுகிறவளுக்கு மீதிப் பெயர் வெளியே வரவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். செருப்பருகில் நின்றிருந்த சம்சு பாய்தான், மைக் டெஸ்ட் செய்கிறவர் மாதிரி தெளிவாக, ஒவ்வொரு எழுத்தாக அதை மண்டபத்துக்குள் சொன்னார். நான் தட்டினேன், புகாரைத் திரும்பப் பெறும் பொத்தானைக் காட்டினேன். பட்டாளத்தார் ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார், விரலை வேட்டியில் துடைத்தார், அழுத்தினார்.